விட்டுப்போன மாத்திரையும் கிரிவலப் பாதையும்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நடந்தால் அந்த ஊரின் நிலையான குடிமக்களைப் பார்க்கலாம். முந்தைய இரவு லட்சக்கணக்கானோர் நடந்துபோன 14 கிலோமீட்டர் பாதை அது. கூட்டம் வடிந்த பிறகு அங்கே மிஞ்சுகிறவர்கள் காவி கட்டிய சாதுக்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், அன்னதானத்தை நம்பி நாளை ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, ஆனால் அவர்களோடு சேராமல், வேறு சிலரும் இருப்பார்கள். சாப்பாட்டு வரிசைக்கு வரமாட்டார்கள். சித்திரை வெயிலிலும் மேலுக்கு மேல் இரண்டு மூன்று சட்டை போட்டிருப்பார்கள். தலையில் திரண்டிருப்பது வேண்டுதலுக்கு வளர்த்த சடை போலத் தெரியும். கிட்டே போனால் பல வருடங்களாக எண்ணெயும் சீப்பும் படாத சிக்கு என்று புரியும். யாரும் இல்லாத பக்கம் பார்த்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊரில் அவர்களை இன்னார் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து இறங்கிய 16 வயது வேங்கடராமன் கோயிலுக்குள் பாதாள லிங்கத்தின் அருகே பேச்சற்று உட்கார்ந்திருந்தான். பூச்சிகள் தொடையை அரித்தன, அவனுக்கு உணர்வில்லை. சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அவனுக்குக் காவலாக நின்ற சேஷாத்ரி சுவாமிகளையே அன்று ஊரில் பலர் பைத்தியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுவன் ரமண மகரிஷி ஆனான். அதிலிருந்து ஊர் ஒரு பாடம் கற்றது: அழுக்கு உடம்பையும் கலைந்த பேச்சையும் பார்த்து ஆளை எடை போடாதே. இது சாதாரணப் பண்பு அல்ல. வேறு ஊர்களில் அடித்து விரட்டப்படும் மனிதருக்கு இங்கே ஒரு பொட்டலம் சாதமாவது கிடைக்கிறது.

அதே பண்பு இன்னொரு வேலையும் செய்கிறது. நோயால் வதைபடும் ஒருவரைச் சித்தர் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட இடம் கொடுக்கிறது. அவர் வெறித்துப் பார்த்தால் அருள். கையை ஓங்கினால் ஆசி. இப்போது கைபேசியோடு பின்னால் நடந்து படம் பிடிப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். படம் எடுக்கப்படுகிறவருக்குக் காலில் புண் இருக்கும். அதைக் கழுவி மருந்து போட ஆள் இருக்காது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தச் சிக்கலை அறிந்து எழுதப்பட்டது போலவே இருக்கிறது. ஒருவரின் நடத்தை சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மட்டும் அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஆகவே துறவியைத் துறவியாக விட்டுவிடச் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் நூறாவது பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குச் சேர்ப்பதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமையாக்குகிறது. அவர் வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். அவரைக் காணாமல் போனவர் என்று சட்டம் சொல்வதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எங்கோ ஒரு வீட்டில் அவருடைய இடம் காலியாக இருக்கிறது என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அந்த வீட்டைப் பற்றித்தான். கிரிவலப் பாதையில் இருப்பவர் பெரும்பாலும் கிரிவலப் பாதையில் தொலைந்தவர் அல்ல. வேறு தாலுகாவில், வேறு மாவட்டத்தில், சில சமயம் மொழியே வேறான மாநிலத்தில், ஏதோ ஒரு மாதம் மாத்திரை நின்றுபோனது; அங்கே தொடங்கிய வழி ஒரு ரயிலிலோ பேருந்திலோ ஏறி இங்கே வந்து முடிந்திருக்கிறது. நாட்டின் மனநலச் சேவை எந்த இடத்தில் அறுகிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் அந்த மாதத்தைத்தான் தேட வேண்டும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் மனநோயாளர்களுக்கான விடுதி 1794இல் தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1912ஆம் ஆண்டுச் சட்டமும், அதை அகற்றிய 1987ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாக யாரை உள்ளே வைப்பது, எப்படி வைப்பது என்பதைப் பேசின. அதற்கு இடையில் 1975வாக்கில் பெங்களூருவுக்கு அருகே சகல்வாராவிலும் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் ஒரு மாற்றுச் சோதனை நடந்தது: ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் கிராமப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்தால் கடுமையான மனநோயைக்கூட ஊரிலேயே பார்க்க முடியுமா? முடியும் என்று தெரிந்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்த முறையை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் தொடங்கியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்த பிறகுதான் இதையெல்லாம் நாடு கவனித்துப் படித்தது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்தது.

அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவை மாவட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் படிக்க வேண்டும். மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையும்படி ஆகக் கூடாது. சேவை வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அத்தியாவசிய மருந்துகள் வட்டார அளவிலான சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பரப்பு 6,188 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24.6 லட்சம், பத்தில் எட்டுப் பேர் கிராமத்தினர். வந்தவாசியும் செய்யாறும் மாவட்டத் தலைநகரிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால். மேற்கே ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சில ஊர்களிலிருந்து பேருந்து பிடிக்கவே முதலில் நடக்க வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி ஒரு குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், சமூகச் செவிலியர், பதிவேடு பார்ப்பவர் எல்லோரும் உண்டு. மருத்துவர் குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைக்கு வந்து ஓபி பார்ப்பார். மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார். இது சிறிய சாதனை அல்ல. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலையும் கிடங்கையும் ஒழுங்கு செய்திருப்பதால், பல மாநிலங்கள் தடுமாறும் இடத்தில் தமிழ்நாடு ஓரளவு உறுதியாக நிற்கிறது.

இனி, ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். குறிப்பிட்ட எவருமில்லை, இந்தப் பக்கத்து ஓபி வரிசையில் எந்த வாரமும் நிற்கக்கூடிய குடும்பம். இருபத்தைந்து வயது மகன், ஐம்பது வயது அம்மா. முதலில் மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள், மலை சுற்றினார்கள். பிறகு யாரோ சொல்லித் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்தார்கள். கை நடுக்கம் வராமலிருக்கக் கூடவே இன்னொரு மாத்திரை. மூன்று வாரத்தில் குரல்கள் அடங்கின. பையன் தூங்கினான், சாப்பிட்டான், மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். இரண்டாம் மாதம் அம்மா தனியாக வந்து மாத்திரை வாங்கிப் போனார். மூன்றாம் மாதம் நூறு நாள் வேலை இருந்தது. ஒரு நாள் கூலியை விட முடியவில்லை. நான்காம் மாதம் வந்தபோது வழக்கமான மாத்திரைக்குப் பதிலாக வேறு நிறத்தில் கொடுத்தார்கள். அதே மருந்துதான் என்று சொல்ல அங்கே எவருக்கும் நேரமில்லை. பையன் அதைத் தொட மறுத்தான். ஏற்கெனவே அவனுக்கு ஒரு குறை இருந்தது: “மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தூக்கம் தூக்கமா வருது.” பக்கத்து வீட்டில் ஒருவர் சொன்னார்: “அதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு மாத்திரை?”

இந்த நோயின் கொடுமை என்னவென்றால் மாத்திரையை நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், ஒன்றும் ஆகாது. நிறுத்தியது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றும். நோய் திரும்பும்போது அதற்கும் நின்றுபோன மாத்திரைக்கும் உள்ள தொடர்பு வீட்டில் எவர் கண்ணுக்கும் படாது. மறுபடி தாயத்து, மறுபடி சண்டை, ஒருநாள் ராத்திரி பையன் வெளியே போகிறான்.

அவர்கள் வராமல் போன ஐந்தாம் மாதம் மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. வரிசையில் ஒருவர் குறைந்தார். நடந்தது அவ்வளவுதான். அன்றைய ஓபி எண்ணிக்கையை நிரப்ப வேறு புது நோயாளி வந்திருப்பார். மாத அறிக்கையில் எத்தனை பேர் பார்க்கப்பட்டார்கள், எத்தனை முகாம் நடந்தது, எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள் என்பவை இருக்கும். போன மாதம் வந்து இந்த மாதம் வராதவர் யார் என்பதை அந்த எண்கள் காட்டுவதில்லை. ஒரு சேவையின் தரத்தை வந்தவர்களை வைத்து அளந்தால் வராதவர் கணக்கிலேயே இல்லாமல் போகிறார். தேசிய மனநல ஆய்வு 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. நோயின் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருப்பதாகச் சொன்னது. சிகிச்சைக்கு ஒருபோதும் வராதவரும் வந்து நின்றுவிட்டவரும் அந்த எண்ணில் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். இந்த இருவருக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. வந்து நின்றவரின் பெயர், ஊர், மருந்து எல்லாம் நம் பதிவேட்டில் இருக்கின்றன. அவரைத் தேடிப் போகாததற்குக் காரணம் சொல்லவே முடியாது.

காசநோய்க்கு நாம் தேடிப் போகிறோம். மருந்தை நிறுத்திய காசநோயாளியின் வீட்டுக்கு ஒரு பணியாளர் போக வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை விதி. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்னும் ஒரு படி மேலே போனது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் பையோடு தெருவுக்குள் நுழைவது இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய காட்சி. ஆனால் அந்தத் திட்டம் தொடங்கியபோது அறிவித்த சேவைகள் சர்க்கரை, ரத்த அழுத்தம், வலி நிவாரணப் பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை, சிறுநீரக நோயாளிக்கான டயாலிசிஸ் பைகள் என்பவை. அந்தப் பையில் ரிஸ்பெரிடோன் பட்டையும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வீட்டின் கதவு அவருக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டு, “பையன் எப்படி இருக்கான், ராத்திரி தூங்குறானா?” என்று கேட்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு வேண்டிய பயிற்சியும், இந்தக் கூடுதல் வேலைக்கான ஊதியமும் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே குறைந்த தொகைக்கு உழைக்கும் பெண்களின் தலையில் இன்னொரு பதிவேட்டை இலவசமாக ஏற்றுவதை நான் சொல்லவில்லை.

இது ஆசையில் சொல்வதல்ல. சோதித்துப் பார்த்த ஒன்று. மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரைக் காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து மாத்திரை, குடும்பம், வேலை, அன்றாடக் காரியங்கள் பற்றிப் பேசும் ஏற்பாடு. ஓராண்டு முடிவில் இரண்டாம் பிரிவினரிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. முன்னேற்றம் மிதமானதுதான் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மிதமான முன்னேற்றம் என்பது ஒரு வீட்டில் மகன் மறுபடி தானே குளிப்பது. சந்தைக்குத் தனியாகப் போய்வருவது. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இந்த ஆய்வில் பங்கெடுத்தது. அதே அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கி ஊர் ஊராக அனுப்பியது. உள்ளே திரை, திரையில் சென்னையிலிருந்து மருத்துவர், பேருந்திலேயே மாத்திரை. ஜவ்வாது மலைக்கும் அந்த மாதிரிப் பேருந்து ஏறும்.

வெளிநாட்டு அனுபவத்தை இங்கே கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1955வாக்கில் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் சமூக மனநல மையங்களை வாக்களித்தது. மருத்துவமனைகள் காலியாயின, மையங்கள் போதுமான அளவு எழவில்லை, பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இத்தாலி 1978இல் மனநல விடுதிகளை மூடச் சட்டம் இயற்றியது. ட்ரியெஸ்ட் நகரில் இரவு பகல் திறந்திருக்கும் மையங்களை முன்கூட்டியே கட்டியிருந்ததால் அங்கே அந்தச் சீர்திருத்தம் நிலைத்தது. நம் கதை இந்த இரண்டிலும் சேராது. நம்மிடம் காலி செய்யும் அளவுக்குப் படுக்கைகள் ஒருபோதும் இருந்ததில்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் என்றும் வீட்டில்தான் இருந்தார்கள். திட்ட அறிக்கைகளில் சமூகப் பராமரிப்பு என்று எழுதப்படுவது நடைமுறையில் ஒரு பெண்தான்: அம்மா, மனைவி, அக்கா. மாத்திரையைச் சோற்றில் வைத்து ஊட்டுவதும், ராத்திரி கதவோரம் படுத்துக் காவல் இருப்பதும், அடி வாங்கிக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பதும் அவர்தான். அவர் காய்ச்சலில் படுத்தால் சமூகப் பராமரிப்பு அந்த வீட்டில் நின்றுபோகிறது. அவர் இறந்தால் முடிந்துபோகிறது. கிரிவலப் பாதையில் இருக்கும் நடுவயது ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இவருடைய அம்மா எந்த வருடம் போனாரோ.

நம்பிக்கையோடு மோதுவதில் பயனில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநோயாளர்களை அழைத்து வருவது பழைய வழக்கம். இன்று அங்கே மனநல மருத்துவரின் பார்வையும் சேர்ந்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலும் துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், என்ற ஏற்பாடு வந்தது. மலை சுற்ற வந்த குடும்பம் ஒரே நடையில் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போக முடியுமானால் தாயத்தைக் கழற்றச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பௌர்ணமிதோறும் பாதையில் மருத்துவ முகாம்கள் இருக்கின்றன. கால்வலிக்கு மருந்து கொடுக்கும் அந்த மேசையில் மனநலத்துக்கும் ஒரு நாற்காலி போடலாம். பாதையில் உள்ள எட்டு லிங்கங்களில் ஏதோ ஒன்றின் முன்னால் மகளைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கும் அம்மா அந்த நாற்காலிக்கு வருவார்.

பாதையிலேயே வாழ்கிறவருக்கு வேண்டியது வேறு. 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய 14416 மனநலத் தொலைபேசிச் சேவை பலருக்கு உதவும். இவரிடம் தொலைபேசி இல்லை. இவரிடம் ஒருவர் போய்த் தினமும் உட்கார வேண்டும். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்தால் கீழே கொட்டுவார். ஐந்தாம் நாள் குடிப்பார். பத்தாம் நாள் ஒரு பெயர் சொல்லக்கூடும். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு வீடற்ற பெண்களோடு இப்படித்தான் வேலை செய்யக் கற்றுக்கொண்டது. 2018 முதல் தமிழக அரசு தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாகப் பல மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் திறந்தது. அதில் அந்த அமைப்பின் அனுபவம் பயன்பட்டது. அள்ளிக்கொண்டுபோய் அடைக்கும் பழைய வழக்கத்திலிருந்து இது மிகப் பெரிய மாற்றம். விழாவுக்கு முன்பு வேனில் ஏற்றி மாவட்ட எல்லைக்கு அப்பால் இறக்கிவிடும் வேலை எந்த ஊரில் நடந்தாலும் அது இந்தச் சட்டத்துக்கு நேர் விரோதமானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தின் 31ஆம் பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் மனநலப் பணியாளர்களைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுக்குள் உருவாக்க முயல வேண்டும் என்கிறது. சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கெடு 2028. இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு. விரும்பத்தக்கதாகச் சொல்லப்படும் மூன்று பேர் என்ற அளவை வைத்தால் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மட்டும் 70க்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்கள் வேண்டும். அத்தனை பேர் இரண்டு மூன்று ஆண்டில் வந்துவிட மாட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியரும் தன்னார்வலரும் சமூகப் பணியாளரும்தான் அந்த இடைவெளியில் நிற்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அழைத்த உடனே பேசும் ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பது, ஓபி எண்ணிக்கையைவிட, அந்த மாவட்டத்தின் தரத்தைச் சரியாகச் சொல்லும்.

மீட்கப்பட்டவர் தேறி, ஊர்ப் பெயர் சொல்லி, குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டு, வீட்டுக்கு அனுப்பும் நாள் வருகிறது. செய்தித்தாளில் படம் வரும் நாள் அது: அம்மாவும் மகனும், அல்லது அண்ணனும் தங்கையும், அழுதுகொண்டு நிற்பார்கள். 98ஆம் பிரிவு அந்த நாளைப் பற்றியது. வீட்டுக்கு அனுப்பும் முன் அவருடனும் குடும்பத்துடனும், இனி அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருடனும் பேசித் திட்டமிட வேண்டும் என்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கிடைக்கும், யார் கொடுப்பார் என்பதை அந்த ஊர்க்காரர் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். போகும் இடம் ஆந்திரத்துக் கிராமமானால் தெலுங்கில், ஒடிசாவானால் ஒடியாவில். கையில் கொடுத்தனுப்புவது ஒரு மாதத்துக்கான மாத்திரை. ஆகவே இருபத்தைந்தாம் நாள் இங்கிருந்து அங்குள்ள சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போக வேண்டும், வந்தாரா என்று கேட்டு. வரவில்லை என்றால் முப்பதாம் நாளுக்குள் யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.